புரட்டாசி ஃபிரீசரும் ஒரு சின்னக் கொடுக்கும்

என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைப் பக்கத்து வீட்டு ஆன்டி இஞ்சி போட்டு, நீராவியில் வேகவைத்துச் சாப்பிட்டுவிட்டார். இது உவமை இல்லை. அந்த அத்தியாயத்துக்கு ஓடு இருந்தது, நீளமான மீசை இருந்தது, நான் வெட்டியது போக ஒன்பது கால் இருந்தது. சாப்பிட்டது ஆன்டி, எடுத்துக் கொடுத்தது என் அம்மா, காரணம் பெருமாள். மூவரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள்.

நான் படித்தது நன்னீர் கிரேஃபிஷ். அது என்ன என்று கேட்பவர்களுக்கு மூன்று பதில் வைத்திருந்தேன். அவசரத்தில் இருப்பவர்களுக்கு: பெரிய எறா. கொஞ்சம் நேரம் உள்ளவர்களுக்கு: சிங்கி இறாலின் ஒன்றுவிட்ட தம்பி, கடலுக்குப் போகாமல் ஆற்றிலும் குளத்திலும் காலம் தள்ளுவது. மூன்றாவது பதில் நீளமானது, படங்களோடு கூடியது. அதைக் கேட்க இதுவரை யாரும் முன்வரவில்லை. செராஸில் இருக்கும் என் பெரியம்மா இரண்டாவது பதிலைப் பாதி கேட்டுவிட்டு முடிவுக்கு வந்துவிட்டார்.

"இவ்வளவு படிச்சு கடைசில எறாவுக்கு ஜாதகம் பாக்கறியா?"

"ஆமா பெரியம்மா. பொருத்தமும் பாப்பேன்."

"பாத்து? எவ்வளவு கெடைக்கும்?"

அந்த 'ஜாதகம்' என்ற சொல்லைப் பின்னாட்களில் பல கருத்தரங்குகளில் நினைத்துக்கொண்டேன். அங்கே பேசியவர்கள் யாரும் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

படிப்பவர் எழுந்து போக வழியில்லாததால் மூன்றாவது பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன். உயிரணு ஒவ்வொன்றிலும் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று இருக்கிறது. ஒன்று என்பது தவறு, நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. உயிரணுவுக்கு வேண்டிய சக்தியைச் செய்துதருவது அவற்றின் வேலை. அவற்றுக்கென்று தனியாகக் கொஞ்சம் டிஎன்ஏ உண்டு. அது தாயிடமிருந்து மட்டும் வரும். தலைமுறை தலைமுறையாக அதில் அங்கங்கே ஓர் எழுத்து மாறும். ஆகவே இரண்டு கிரேஃபிஷ்களிடமிருந்து ஒரே மைட்டோகாண்ட்ரிய மரபணுவை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எத்தனை எழுத்து வேறுபடுகிறதோ அதை வைத்து அவை எவ்வளவு நெருங்கிய உறவு என்று சொல்லலாம். பல கிரேஃபிஷ்களுக்கு இப்படிச் செய்தால் ஓர் உறவுமரம் கிடைக்கும். நெருங்கியவை ஒரே கிளையில் அமரும், தூரத்தவை தூரக் கிளையில். மனிதர்களின் கல்யாண வீட்டில் இருக்கை ஏற்பாடு இதற்கு நேர்மாறாக நடப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

மலேசியாவில் கிரேஃபிஷ் இயற்கையாகக் கிடையாது. ஆஸ்திரேலியாவின் வடக்கிலும் பாப்புவாவிலும் வாழும் ஒரு வகையை வளர்த்து விற்கலாம் என்று யாரோ கொண்டுவந்தார்கள். அது நல்ல குடியேறியைப் போலக் கிடைத்த குளத்தில் எல்லாம் குடும்பம் நடத்தத் தொடங்கியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவை எல்லாம் அந்த ஒரே வகையா, வேறு வகைகளும் கலந்து வந்திருக்கின்றனவா? என் ஆய்வின் கேள்வி இதுதான். ரவாங்கில் பழைய ஈயச் சுரங்கங்களில் தண்ணீர் தேங்கிய குளங்களுக்குப் போனேன். மீன் தொட்டிக் கடைகளுக்குப் போனேன். காலில் அட்டை ஏறியது, கையில் கொடுக்கு பிடித்தது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு காலை வெட்டி, டிஎன்ஏ எடுத்து, இரண்டு மரபணுக்களைப் படித்து, மரம் வரைந்தேன். வந்தது மரம் இல்லை, துடைப்பம். எல்லாம் ஒரே வகை, ஒரே அடியில் கட்டிய ஈர்க்குகள். இரண்டு அத்தியாயம் நிறைய அதைத்தான் எழுதியிருந்தேன்: இதுவும் அதுவே, அதுவும் இதுவே. வேதாந்தத் துறையில் சேர்ந்திருந்தால் முதல் வகுப்பு கிடைத்திருக்கும்.

அப்போதுதான் கே-7 வந்தது. 'கே' என்றால் கிள்ளான். ஏழாவது என்பதால் ஏழு. கிள்ளானுக்கு வெளியே ஓர் அண்ணன் சிமெண்டுத் தொட்டிகளில் கிரேஃபிஷ் வளர்க்கிறார். அவரிடம் வாங்கப் போனபோது ஒரு தொட்டியில் ஒன்று மட்டும் நீலம் பாரித்து ஓரமாக நின்றது. வலது கொடுக்கு பெரிதாக இருந்தது. இடது கொடுக்கு எப்போதோ உடைந்து மறுபடி முளைத்தது போல, பொம்மைக்கு வைத்தது போலச் சின்னதாக இருந்தது.

"இது என்ன வகைண்ணே?"

"அதுவா, பாப்புவா மிக்ஸ். ஸ்பெஷல் மா."

"யாரு சொன்னா?"

"எனக்கு வித்தவன் சொன்னான் லா."

"அவனுக்கு யாரு சொன்னா?"

அவர் வலையைக் கீழே வைத்தார். "நீ படிக்கிற பிள்ளையா, போலீஸா?"

"படிக்கிற பிள்ளைதாண்ணே."

"அப்ப எடுத்துட்டுப் போ. ஒரு கை சூம்பிப் போன உருப்படிய கடைக்காரன் வாங்க மாட்டான். நீதான் காலை வெட்டப் போற, உனக்கு எந்தக் கை எப்படி இருந்தா என்ன."

கே-7இன் மரபணுவைப் படித்து மரத்தில் சேர்த்தபோது அது துடைப்பத்தில் உட்காரவில்லை. வெகு தூரத்தில் தனக்கென்று ஒரு கிளை போட்டு, யாரோடும் ஒட்டாமல் உட்கார்ந்தது. என் மேற்பார்வையாளரிடம் காட்டினேன். அவர் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத் தமிழர். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வார், சந்தோஷம் வந்தால் மட்டும் தமிழுக்கு மாறுவார். அதுவரை அவர் தமிழ் பேசி நான் அவ்வளவாகக் கேட்டதில்லை. அன்றைக்குத் திரையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி பார்த்தார்.

"பிள்ளை, இது புதுசு."

"இருக்கலாம் டாக்டர்."

"என்ன இருக்கலாம்? பாப்புவாவில இருந்து வந்த புது லினியேஜ், தனி வம்சம். உன்ட மூன்றாவது சாப்டர் இதுதான். பேர் யோசிச்சு வை."

அன்று மாலைக்குள் ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கம் எழுதி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து என்னோடு தமிழிலேயே பேசத் தொடங்கினார். நான் பேர் யோசிக்கவில்லை. யோசிக்க எனக்கு வேறு விஷயம் இருந்தது. என் பதிவுக் காலம் அந்த செமஸ்டரோடு முடிகிறது. ஏற்கெனவே ஒருமுறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. இன்னொன்று கிடையாது என்று அலுவலகத்தில் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டார்கள். மூன்றாம் அத்தியாயம் இருந்தால் பட்டம் உண்டு. இல்லாவிட்டால் கையில் ஒரு துடைப்பமும் பெரியம்மாவின் கேள்வியும்தான் மிஞ்சும்.

இருந்தும் கே-7ஐ நான் நம்பவில்லை. எனக்குச் சந்தோஷம் சுலபமாக வராது. வந்தால் முதலில் ரசீது கேட்பேன். மரபணுவைப் படிக்கும் கருவி ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சிகரம் வரைந்து காட்டும். கே-7இன் படத்தில் சில இடங்களில் பெரிய சிகரத்தின் காலடியில் இன்னொரு குட்டிச் சிகரம் தெரிந்தது, ஒருவர் பாடும்போது பின்னால் இன்னொருவர் முணுமுணுப்பது போல. தவிரவும், எந்தக் கிரேஃபிஷும் மாற்றிக்கொள்ளத் துணியாத சில இடங்களில் இது எழுத்தை மாற்றியிருந்தது.

இதற்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவில் ஒரு துண்டு எப்போதோ ஒரு காலத்தில் நகலாகி, உயிரணுவின் உட்கருவுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். அங்கே அதற்கு வேலை இல்லை, கேட்பார் இல்லை. வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய வாடகை ஒப்பந்தத்தின் நகலைப் பூச்சி அரிப்பது போல, அதன் எழுத்துகள் இஷ்டத்துக்கு மாறும். நாம் அசலைப் படிப்பதாக நினைத்துக்கொண்டு அந்த நகலைப் படித்துவிட்டால், இந்த வீட்டில் வேறொரு குடும்பம் வாழ்கிறது என்று அறிவித்துவிடுவோம். கிரேஃபிஷ்களில் இந்தப் போலி நகல்கள் தாராளம்.

சரிபார்க்க வழி இருந்தது. மரபணுவில் எந்த இடத்திலிருந்து படிக்க வேண்டும் என்று பிடித்துக் காட்டுவதற்குப் பிரைமர் என்ற சிறு துண்டைப் பயன்படுத்துவோம். வேறு இடத்தைப் பிடிக்கும் புதுப் பிரைமர் செய்து, கே-7ஐ மறுபடி படிக்க வேண்டும். ஆனால் அதன் டிஎன்ஏ தீர்ந்துவிட்டது. மற்றவற்றுக்கு எல்லாம் கிடைத்த இரண்டாவது மரபணு கே-7இல் மட்டும் வராமல் அடம் பிடித்தது. அதை வரவைக்கப் பார்த்தே குழாய் காலி. புதிதாகக் கொஞ்சம் தசை வேண்டும். அதைப் பற்றிக் கவலை இல்லை, முழுக் கிரேஃபிஷும் பத்திரமாக இருந்தது.

எங்கள் வீட்டு ஃபிரீசரில்.

அதற்கும் காரணம் உண்டு. நீண்ட வார விடுமுறையில் எங்கள் ஆய்வகக் கட்டடத்துக்கு மின் பராமரிப்பு என்று மின்னஞ்சல் வந்தது. அவரவர் மாதிரிகளுக்கு அவரவர் பொறுப்பு என்று கடைசி வரியில் எழுதியிருந்தார்கள். மீன் வாங்கப் போகும் நீலப் பெட்டியில் ஐஸ் போட்டு, கே-7ஐயும் கிள்ளானின் வேறு நான்கு உருப்படிகளையும் ரயிலில் மடியில் வைத்து சாலாக் செலாத்தானில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். விடுமுறை முடிந்தது, மின்சாரம் திரும்பியது, ஆய்வகத்தின் பெரிய ஃபிரீசர் மட்டும் திரும்பவில்லை. ஏதோ பாகம் வர வேண்டுமாம். அதுவரை ஐந்தும் அம்மாவின் ஆட்டிறைச்சிக்குப் பின்னால், ஜிப் வைத்த பையில், நான் தடிப்பேனாவில் எழுதிய எச்சரிக்கையோடு கிடந்தன: ஆய்வு மாதிரி, சாப்பிடக் கூடாது. தமிழில், மலாயில், ஆங்கிலத்தில். ஒரு மண்டையோடும் வரைந்திருந்தேன். எல்லா அபாயங்களையும் பட்டியல் போட்டுப் பார்த்திருந்தேன்: மின்வெட்டு, கதவு சரியாக மூடாமை, தம்பியின் பசி. நாள்காட்டியைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்தபோது சாம்பிராணி மணத்தது. ஃபிரீசரைத் திறந்தேன். உள்ளே மஞ்சள் தண்ணீர் தெளித்த வாசனை, ஒரு டப்பா தேங்காய்த் துருவல், ஒரு பாக்கெட் பட்டாணி, புத்தம்புது வெறுமை. என் ஜிப் பை சமையலறைக் கொடியில், கழுவி, கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. மண்டையோடு கொஞ்சம் வெளுத்திருந்தது.

"அம்மா, இதுக்குள்ள இருந்தது எங்க?"

"எது, அந்த எறாவா? நேத்தே ஆன்டிகிட்ட குடுத்துட்டேன். கோழி, ஆடு, மீனு, எல்லாத்தயும்தான் குடுத்தேன். இன்னைக்குப் புரட்டாசி பொறந்திருச்சுல்ல."

"மேல எழுதியிருந்துச்சேம்மா. சாப்பிடக் கூடாதுன்னு."

"நாம சாப்பிடலயே."

"ஆன்டி சாப்பிட்டுட்டா?"

"அவங்க என்ன பைய படிச்சுப் பாத்துட்டா சாப்பிடுவாங்க. வேற பைல போட்டுத்தான் குடுத்தேன். இந்தப் பை நல்ல பை."

"அது ஆராய்ச்சி சாமான் மா."

"இருந்துட்டுப் போகட்டும். பெருமாள் வந்து லேபல் படிச்சிட்டா உள்ள வருவாரு? அசைவம்னா அசைவம்தான்." பிறகு என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கினார். "வேற வாங்கிக்கலாம் மா. பாசார்ல இருக்கும்."

எங்கள் அடுக்குமாடியில் இது ஒரு நிலைத்த ஏற்பாடு. புரட்டாசிக்கு முதல் நாள் அம்மாவின் ஃபிரீசர் அப்படியே பக்கத்து வீட்டுச் சீன ஆன்டியின் ஃபிரீசருக்குக் குடிபெயரும். மாதம் முழுக்க நாங்கள் சைவம். ஆன்டி வீட்டில் எங்கள் புண்ணியத்தில் விருந்து. ஆன்டி புரட்டாசி பிறப்பதை எங்களைவிட ஆவலாக எதிர்பார்ப்பார். அவருக்குத் தமிழ் மாதங்களில் அது ஒன்றுதான் தெரியும்.

காரிடாரில் நான்கு எட்டு வைத்து அவர் கதவைத் தட்டினேன். ஆன்டி எங்களோடு பேசும் மொழி மலாய் பாதி, பல வருடமாகப் பொறுக்கிச் சேர்த்த தமிழ் பாதி.

"ஆன்டி, அம்மா நேத்து எறா குடுத்தாங்கல்ல. பெருசா, கொடுக்கு வச்சு."

"சுடா மாக்கான் லா, கேர்ள்." சாப்பிட்டு முடித்தாயிற்று என்பதை மலாயில் சொல்லிவிட்டு, சந்தேகம் வராமல் இருக்க வயிற்றையும் தட்டிக் காட்டினார். "இஞ்சி போட்டு, ஸ்டீம் பண்ணி. ரொம்ப இனிப்பு. அங்கிள் ரெண்டு சாப்பிட்டான். அடுத்த வருஷம் நெறைய குடு."

"அதுல ஒண்ணு நீலமா இருந்துச்சா? ஒரு கை சின்னதா?"

"வெந்தா எல்லாம் செவப்பு லா. சின்ன கை, ஆ, இருந்துச்சு. பெரிய கை அங்கிளுக்கு. சின்ன கை உள்ள ஒண்ணும் இல்ல, ஒடைக்க வேஸ்ட்."

"ஒடைக்கலையா?"

"ஒடைக்கல."

"எங்க போட்டீங்க?"

ஆன்டி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "போட? எறா தலை, எறா ஓடு, யாரு போடுவாங்க? சண்டே சூப் இருக்கு."

அவர் ஃபிரீசரைத் திறந்தார். ஒரு விஷயத்தை நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும்: எங்கள் துறையின் மாதிரி அறையைவிட அந்த ஃபிரீசர் ஒழுங்காக இருந்தது. கோழி எலும்பு ஒரு பையில், மீன் தலை ஒரு பையில், இறால் ஓடு ஒரு பையில். மூன்றாவது பையைக் குலுக்கினார். சிவந்த தலைகளுக்கும் பிளந்த ஓடுகளுக்கும் நடுவே, என் சுண்டுவிரல் அளவில், முழுதாக, திறக்காத ஒரு சின்னக் கொடுக்கு.

என் பட்டம் அதற்குள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அது நூடுல்ஸ் சூப்பாகிவிடும்.

"ஆன்டி, இது எனக்கு வேணும். மத்த ஓட்டுலயும் கொஞ்சம் வேணும்."

"ஏன், இப்ப நீங்க புரட்டாசில?"

"சாப்பிட இல்ல. படிக்க."

இதை அவர் அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார் என்று தெரிந்தது. ஆனால் வியாபாரத்தில் சிரிப்பு இல்லை. ஓட்டை எடுத்தால் சூப்புக்கு ருசி எங்கிருந்து வரும்? பதிலுக்கு இறால் வேண்டும், தலையோடு வேண்டும், நாளைக்கே வேண்டும். ஒப்புக்கொண்டேன்.

அடுத்த பிரச்சினை எங்கள் வாசலில் காத்திருந்தது. அம்மா கையைக் குறுக்கே நீட்டி நின்றார்.

"கைல என்ன?"

"கொடுக்கு."

"உள்ள வராது."

"விரலு சைஸ்தான்மா."

"சைஸா முக்கியம்?"

"தினமும் லேப்ல இதத்தானே தொடறேன்."

"லேப்ல தொட்டா அது வேலை. வீட்டுக்குள்ள வந்தா அது அசைவம்."

நான் படித்த எந்த வகைப்பாட்டு நூலிலும் ஒரு பொருளை இவ்வளவு தெளிவாக இரண்டாகப் பிரித்துப் பார்த்ததில்லை. கொடுக்கு மறுபடி ஆன்டியின் ஃபிரீசருக்குப் போனது, தனிப் பையில். மறுநாள் காலை பாசாரில் இறால் வாங்கினேன். புரட்டாசி முதல் சனிக்கிழமை. மீன் கடை முன்னால் நின்ற ஒரே தமிழ்ப் பெண் நான். கடைக்காரர் பையை நீட்டிக்கொண்டே, "பரவால்ல மா, யாரும் பாக்கல," என்றார். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது அம்மா எங்கள் வாசலிலிருந்து, "அந்தச் சுவத்து ஓரமா போ," என்றார். எங்கள் காரிடாரில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்பி நிற்க வேண்டும். சுவரை ஒட்டியே போனேன்.

கொடுக்கை ஐஸ் போட்ட குடுவையில் அடைத்து ரயில் ஏறினேன். நேராக ஆய்வகத்துக்குப் போக முடியாது. வார இறுதியில் கதவு திறக்கும் அட்டை டாக்டரிடம் இருந்தது. டாக்டர் பிரிக்ஃபீல்ட்ஸில், கோயிலுக்குப் போய்விட்டுச் சைவக் கடையில் வாழை இலைக்கு முன்னால் இருந்தார். அவர்கள் வீட்டில் மாதம் முழுக்க இல்லை, சனிக்கிழமைகளில் மட்டும் விரதம். இடம் கிடைக்கக் காத்திருப்பவர்கள் சாப்பிடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று அப்பளத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் எதிரே உட்கார்ந்து குடுவையை மேசைமேல் வைத்தேன்.

"என்னது அது?"

"கே-7 டாக்டர்."

அவர் சுற்றிலும் பார்த்தார். "கீழ வை. கால் பக்கத்தில வை."

வைத்தேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். அவர் ரசத்தோடு நிறுத்திவிட்டார்.

"வெந்ததா? ஃபுல்லா?"

"ஸ்டீம் டாக்டர். இஞ்சி போட்டு."

"அதில டிஎன்ஏ இருக்குமா?"

"மைட்டோகாண்ட்ரியா ஒவ்வொரு உயிரணுவிலயும் நூத்துக்கணக்குல இருக்கு. வெந்தாலும் சின்னச் சின்னத் துண்டா மிஞ்சும். கே-7ஐச் சரிபாக்க ஏற்கெனவே ஆர்டர் பண்ணின புதுப் பிரைமர் வந்திருச்சு, அது சின்னத் துண்டையும் பிடிக்கும்."

"ஏற்கெனவே ஆர்டர் பண்ணிட்டியா?" அவர் என்னைப் பார்த்த பார்வையில் மகிழ்ச்சி இல்லை, ஆங்கிலத்துக்கும் மாறிவிட்டார். ஆக, நீ ஆரம்பத்திலிருந்தே இதை நம்பவில்லை. நம்முடைய புதிய இனத்தை ஒரு மிச்சச் சாப்பாட்டை வைத்துக் கொல்லப் போகிறாய். இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

"உண்மையா இருந்தா சாகாது டாக்டர்."

இல்லாவிட்டால் உன் அத்தியாயம் என்ன ஆகும் என்று கேட்டார், அதே ஆங்கிலத்தில்.

"தெரியும்."

அவர் ரசச் சோற்றை மறுபடி பிசையத் தொடங்கினார். பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார். டாக்டர் இடது கையால் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து என் பக்கம் தள்ளினார். "பாயசம் குடிச்சிட்டுப் போ," என்றார், தமிழில்.

சின்னக் கொடுக்கை வெளியே நன்றாகக் கழுவி, ஓட்டைப் பிளந்து, நடுவிலிருந்து மட்டும் தசை எடுத்தேன். ஒரு துவரம் பருப்பு அளவு இருந்தது. அவ்வளவு கழுவியும் இஞ்சி மணத்தது. இரண்டு சோதனை செய்தேன். பழைய பிரைமர் போட்டால் என்ன வருகிறது, புதுப் பிரைமர் போட்டால் என்ன வருகிறது. ஒரு தட்டில் ஐந்தும் சேர்ந்து வெந்தவை என்பதால், மற்ற நான்கின் ஓட்டில் ஒட்டியிருந்த தசையையும் ஒப்பிட எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. பழைய பிரைமர் அதே விசித்திர மரபணுவைக் கொடுத்தது. புதுப் பிரைமர், அதே கொடுக்கிலிருந்து, சாதாரணத் துடைப்பத்தைக் கொடுத்தது. ஒரே விலங்குக்குள் இரண்டும்: அசலும், அரித்துப்போன நகலும். மற்ற நான்கின் சாறு ஒட்டியதால் வந்த குழப்பமா என்றால் அதுவும் இல்லை. கே-7இன் அசலில் ஓர் எழுத்து, ஒரே ஓர் எழுத்து, மற்ற நான்கிலும் இல்லாதது. அந்த எழுத்து சரியாகப் பழைய பிரைமர் பிடிக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தது. பிடி நழுவியிருக்கிறது, அசலைப் பிடிக்க வேண்டியது பக்கத்தில் சும்மா கிடந்த நகலைப் பிடித்துக்கொண்டது. பாப்புவா மிக்ஸ் என்று கிள்ளான் அண்ணனுக்கு விற்றவன் சொன்னதைவிடப் பலவீனமான ஆதாரம்தான் எங்களிடம் இருந்திருக்கிறது. அவனுக்காவது நீலம் கண்ணுக்குத் தெரிந்தது.

கே-7 துடைப்பத்துக்குத் திரும்பியது. டாக்டர் கருத்தரங்குக்கு எழுதி, தலைப்பை மாற்றினார். அவர் ரகசியமாக ஒரு பேர் யோசித்து வைத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. என்ன பேர் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மூன்றாம் அத்தியாயத்தை மறுபடி எழுதினேன். ஒரு பொய் நகல் எப்படிப் புதிய கிளையாக வேஷம் போடும், எப்படிப் பிடிபடும் என்பதுதான் இப்போது அதன் பொருள். புது இனம் கண்டுபிடித்தவள் ஆகவேண்டியவள், இல்லாத இனத்தை இல்லை என்று கண்டுபிடித்தவள் ஆனேன். கெடு முடிவதற்குள் சமர்ப்பித்தேன்.

நேர்முகத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு மலாய்ப் பேராசிரியை. மெல்லிய குரல். ஆய்வேட்டில் எங்கெங்கோ மஞ்சள் தாள் ஒட்டியிருந்தார். மூன்றாம் அத்தியாயத்தில் ஒட்டியிருந்த தாளைப் பிரித்தார்.

"வெப்பத்துக்கு உட்பட்ட தசை என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன வெப்பம்?"

"நீராவி, பேராசிரியர்."

"எந்த நோக்கத்துக்காக?"

"இரவுச் சாப்பாட்டுக்காக."

டாக்டர் கூரையில் இருந்த விசிறியை ஆராயத் தொடங்கினார்.

"யாருடைய சாப்பாடு?"

சொன்னேன். புரட்டாசி, ஃபிரீசர், வேறு பை, சூப், எல்லாவற்றையும். அவர் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. ஐந்தும் ஒரே தட்டில் வெந்தது பற்றி மட்டும் மூன்று கேள்வி கேட்டார், கூர்மையான கேள்விகள். அந்த ஓர் எழுத்தைக் காட்டினேன். அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "உங்கள் அம்மா இன்னும் அந்த ஃபிரீசரைத்தான் வைத்திருக்கிறாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இனி அங்கே எதையும் வைக்காதீர்கள்," என்றார். அது அன்றைய ஒரே அறிவுரை.

தேர்ச்சி. சிறு திருத்தங்களுடன். பட்டியலில் கடைசித் திருத்தம்: மாதிரி எவ்வளவு வெப்பத்தில், எவ்வளவு நேரம் வேகவைக்கப்பட்டது என்பதைத் தெளிவாகக் குறிப்பிடவும்.

அன்று மாலை மறுபடி காரிடாரில் நான்கு எட்டு வைத்தேன். புரட்டாசி எப்போதோ முடிந்திருந்தது. எங்கள் வீட்டிலிருந்து கோழிக் குழம்பு மணம் என் பின்னாலேயே வந்தது.

"ஆன்டி, அந்த எறாவ எவ்வளவு நேரம் ஸ்டீம் பண்ணீங்க?"

"எந்த எறா?"

"புரட்டாசி எறா. படிக்க எடுத்துட்டுப் போனேனே."

"இன்னும் படிச்சு முடிக்கலயா?" ஆன்டி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "நேரம் எல்லாம் பாக்கறது இல்ல லா. செவப்பு ஆச்சா, எடு. அவ்வளவுதான்."

"நெருப்பு எவ்வளவு?"

"பெரிய நெருப்பு." யோசித்தார். "இஞ்சி எழுதினியா? இஞ்சி இல்லாட்டி நாறும். அதையும் எழுது."

எழுதினேன். 'மாதிரிகள், துறைசாராத ஒருவரால், இஞ்சியுடன், அதிக வெப்ப நீராவியில், ஓடு முழுவதும் சிவக்கும் வரை வேகவைக்கப்பட்டன.' தேர்வாளர் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் கையொப்பமிட்டார்.